எண்ணெய் குடித்த கட்டை

வாகைக் கட்டையை லேத்தில் ஏற்றினால் கடைசல்காரர்கள் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அந்தத் தூள் ஏறினால் தும்மல் லேசில் அடங்காது. அன்றைக்கு அண்ணனும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உளியை வைத்தார். தூள் பறக்கவில்லை. உளிமுனையிலிருந்து சீவல் சீவலாக, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காலடியில் விழுந்தது. லேத்தை நிறுத்திவிட்டு ஒரு சீவலை எடுத்துப் பெருவிரலால் நசுக்கிப் பார்த்தார். விரல் மினுங்கியது. மோந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழைய கடலை எண்ணெய், லேசான சிக்கு வாடையோடு.

“தம்பி, இது எண்ணெய் குடிச்ச கட்டை. இது மேல என்னத்தைப் பூசப் போறீங்க?”

அம்மா பிறந்த வீட்டுச் செக்கின் கட்டை அது. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடு, கடலை விளைகிற பூமி. மாடு சுற்றிய செக்கை நான் பார்த்ததில்லை. நான் பார்க்கும்போது உரல் நெடுக்காகப் பிளந்து, மாட்டுக் கொட்டகையில் கழுநீர்த் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டினபோது விறகுக்குப் போகவிருந்ததில் ஒரு முழத் துண்டை அறுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் பூரிக்கட்டையும் கடைந்துகொண்டிருக்கிற அண்ணனுக்கு, நான் கொண்டுபோகிற கட்டைகளில் பேனா கடைந்து கொடுப்பது பழகிவிட்டது. நிப்பும் நாக்கும் வெளியிலிருந்து வாங்குவோம். மை நிற்கிற உட்குழல் எபோனைட். கை படுகிற உடம்பு மட்டும் மரம். அந்த ஒரு முழத்தில் மூன்று பேனா தேறியது.

மூன்றையும் மூன்று விதமாக முடித்தோம். அந்த வேற்றுமை சில வருஷங்களாக என்னை விடாமல் யோசிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. பேனா சின்னப் பொருள்தான். ஆனால் நாள் முழுக்க மனிதக் கை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கிற மரப்பொருள் இன்று வேறு எது இருக்கிறது? கலப்பைப் பிடி போயிற்று, உலக்கை போயிற்று, தறிக்கட்டையும் அநேகமாகப் போயிற்று. கை தொடுவது மரத்தையா, மரத்தின் மேல் இருக்கிற வேறொன்றையா என்ற கேள்வி எனக்குச் சின்னதாகப் படவில்லை.

பட்டறையில் இந்தக் கடைசி வேலைக்கு ஒரே சொல்தான், ஃபினிஷிங். தமிழில் நினைத்துப் பார்த்தால் அது இரண்டாகப் பிரிகிறது. பூச்சு, மெருகு. பூச்சு வெளியிலிருந்து வருவது. மெருகு பொருளுக்கு உள்ளேயிருந்து கிளம்புவது. பூச்சு உரியும், பெயரும், வெளிறும். மெருகு ஏறும், மங்கும், தேய்த்தால் மறுபடி ஏறும். மனிதரைப் பற்றி ‘மேல்பூச்சுப் பேச்சு’ என்றால் வசை. எழுத்து மெருகேறியிருக்கிறது என்றால் பாராட்டு. மொழி ஏற்கெனவே கட்சி சேர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் நம் அடுப்படி வேறு விதமாகவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிக் குழம்பு கெடும், வயிறும் கெடும். அங்கே பூச்சு பொய் இல்லை, காப்பு. அது தேயும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேய்ந்தால் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார், துருத்தியை ஊதுவார், நவச்சாரப் புகை எழும்பும், பாத்திரம் வெள்ளை வெளேரென்று திரும்பும். மறுபடி பூசிக்கொள்ள முடிகிற பூச்சு அது. இந்த ஒரு குணத்தை நான் கவனிக்கத் தவறியதால்தான் முதல் பேனா கெட்டது.

எழுதுகருவிக்கு முடிப்பு வேலை என்பது நம் மரபில் நெடுங்காலம் கருவியின் மேல் நடக்கவில்லை, ஓலையின் மேல் நடந்தது. பச்சை ஓலையை வாட்டி, மஞ்சள் சேர்த்த வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் எழுத உட்கார்ந்தார்கள். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று ஆணிகளில் வகை இருந்தது. பிடிக்கு வேலைப்பாடும் இருந்தது. ஆனாலும் முனை வெறும் இரும்பு. அது கீறிவிட்டுப் போன எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியையும் இலைச்சாற்றையும் குழைத்து ஓலை முழுக்கத் தடவி, துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மேலே இருப்பது துடைபட்டுப் போகும், கீறலுக்குள் இறங்கியது மட்டும் நிற்கும். முதலில் மெருகு, அப்புறம் பூச்சு, அந்தப் பூச்சிலும் தேவையானது மட்டும் மிச்சம். இதைவிடக் கச்சிதமான முடிப்பு வேலையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

முதல் பேனாவுக்கு வருகிறேன். கையால் பேனா கடைகிறவர்கள் உலகெங்கும் இன்று அதிகம் நம்புவது சயனோஅக்ரிலேட்டை. நம் கடைத்தெருவில் அதற்குப் பெயர் ஃபெவிக்விக். 1942இல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவரும் கூட இருந்தவர்களும் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஒட்டுகிற குணத்துக்காகவே 1958இல் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற துளி ஈரம் போதும், அது நொடியில் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடும். சுழலுகிற பேனாவின் மேல் காகிதத் துண்டால் சொட்டுச் சொட்டாகத் தடவி, பத்துப் பதினைந்து படலம் ஏற்றி, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி போட்ட மாதிரி பளபளக்கும். மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் ஆழத்திலிருந்து தெரியும்.

அண்ணனுக்கு அது பிடிக்காது. நான்தான் பிடிவாதம் பிடித்து அவர் லேத்தில் நானே பூசினேன். காகிதத்துக்குப் பதில் பட்டறையில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்தது என் தவறு. பருத்தியில் இந்தப் பசை பட்டால் சூடு கிளம்பும். நிறையப் பட்டால் புகையும். ஆள்காட்டி விரலில் பட்டாணி அளவு கொப்புளம் வந்தது. சுற்றிலும் நூற்பாலைகள் இருக்கிற ஊர்க்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று அண்ணன் சோப்பை எடுத்துக்கொடுத்தபடி சொன்னார். பூசுவதற்கு முன் கட்டையைத் தின்னரால் துடைத்துத் துடைத்து எண்ணெயை எடுத்திருந்தேன். மேல் தோல் வெளுத்து, காய்ந்த கட்டை மாதிரித்தான் தெரிந்தது. பேனா பிரமாதமாக வந்தது. பள்ளி ஆசிரியர் அறையில் கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “இது பிளாஸ்டிக்கா, மரமா?”

சித்திரை வெயில் வந்தது. திண்டுக்கல் சமவெளியில் கத்திரி வெயிலில் மேசை மேல் வைத்த பேனாகூடச் சுடும். சூட்டில் கட்டைக்குள் உறங்கிக்கொண்டிருந்த எண்ணெய் இளகி மேலே வரத் தொடங்கியது. மூடி திருகுகிற மரையோரம் முதலில் ஒரு வெள்ளைக் கொப்புளம், நகக்கண் அளவு. பிறகு அது நீண்டது. ஆனி மாதம் ஒருநாள் நகத்தால் தூக்கினேன். பாம்புச் சட்டை மாதிரி ஒரு விரற்கடை நீளத்துக்கு உரிந்து வந்தது. அதற்கடியில் மரம் ஈரமாக, கறுப்பாக, நன்றாகவே இருந்தது. இந்தப் பூச்சு ஒரு இடத்தில் போனால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது கண்ணுக்குத் தெரியாமல் நடக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுரண்டச் சுரண்ட உடம்பு இளைக்கும். கழுத்தோடு பொருந்துகிற அளவு தவறும். நான் அதைத் தொடவில்லை. உரிந்த நிலையிலேயே மேசையில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பேனாவுக்கு அரக்கு. அண்ணனின் அப்பா பம்பரம் கடைந்தவர். பம்பரத்தின் தலையில் சிவப்பும் பச்சையுமாக வளையம் போட்டிருக்குமே, அது தூரிகை தொட்டுப் போட்டதல்ல. கட்டை சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகிக் கட்டையின் மேல் பரவும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் அப்படித்தான் நிறம் பெறுகிறது. மஞ்சள் கடம்பில் கடைந்த அந்தக் குட்டி அடுப்பும் குட்டிப் பானையும் இல்லாத பழைய தென்பாண்டி வீடு குறைவு. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் அரக்கு ஏற்றிய பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்துவார்கள், பளபளப்பு அதில் வரும். அவர்கள் கடைகிற மரம் வெட்பாலை. ஆந்திரத்து எட்டிகொப்பாகாவில் அங்குடு என்கிறதும் அதே மரம். நம் பக்கத்துக் குன்றடிகளில் புதராக நிற்கிற அந்த வெட்பாலையை வைத்து இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கின்றன.

அரக்கு ஒரு பூச்சியின் வேலை. பலாசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினாகக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டைச் சுரண்டி, கழுவி, உருக்கி எடுப்பது அரக்கு. ஜார்க்கண்டுக் காடுகளில் இன்றும் அதை நம்பிப் பிழைக்கிற குடிகள் ஏராளம். ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. கிராமபோன் இசைத்தட்டுகள் அரக்கில் வார்க்கப்பட்ட காலம் அது. பாண்டவர்களைக் கொல்ல அரக்கு மாளிகை கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அரக்கு என்றால் தீப்பற்றுகிற பொருள். ஆனால் மாத்திரையின் மேலும் ஆப்பிளின் மேலும் இருக்கிற மினுமினுப்பில் இன்றும் அது உண்டு. உடம்புக்குள் போனாலும் கெடுதல் செய்யாத பூச்சு. எழுதும்போது பேனாவின் முனையைக் கடிக்கிற பிள்ளைகளை நாற்பது நாற்பதாக வகுப்பில் பார்க்கிறவன் என்பதால் இது எனக்கு முக்கியம்.

எண்ணெய்க் கட்டையில் அரக்கு நிற்குமா என்று அண்ணனுக்கும் நிச்சயமில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கை ஏற்றிக் காயவிட்டார். அதன் மேல் குச்சியைப் பிடித்தார். வேட்டித் துண்டை நான்காக மடித்து, சுழலுகிற கட்டையின் மேல் உள்ளங்கையால் அழுத்தினார். துணியிலிருந்து சுட்ட வெல்லம் மாதிரி ஒரு வாசனை வந்தது. நின்றது. கண்ணாடிப் பளபளப்பு இல்லை. சாணம் மெழுகிக் காய்ந்த திண்ணையில் காலை வெயில் படுமே, அந்த அளவு. நிறம் மட்டும் ஒரு சொட்டுத் தேன் விழுந்ததுபோல் கூடியது.

2020 வந்தது. வாசலிலெல்லாம் சானிடைசர் குப்பி. கையைத் துடைத்துக்கொண்டே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நாலைந்து நாளில் விரல் படுகிற இடம் பிசுபிசுத்தது. கைரேகை அப்படியே பதிந்து இறுகியது. அரக்குக்கு ஆகாதது ஆல்கஹால். பதறிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணன் அதிராமல் வாங்கினார். லேத்தில் ஏற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஒரு ஓட்டு ஓட்டினார். கலங்கியது தானே கரைந்து சமமானது. மேலே கொஞ்சம் புது அரக்கு. பழைய அரக்கும் புதுசும் சேர்ந்து ஒரே படலமாயின. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. பத்து நிமிஷ வேலை. “கரையுதுன்னு கோவிச்சுக்கிறீங்களே தம்பி. கரையறதாலதான சரிபண்ண முடியுது” என்றார்.

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நாகல் நகரின் வெறிச்சோடிய தெருவில் நின்றபோது எனக்கு ஜே.சி. குமரப்பா ஞாபகம் வந்தார். பேனாவுக்கும் அவருக்கும் உறவுண்டு. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் கையால் கடைந்த எபோனைட் பேனா காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், 1935இல் காந்தி அதற்கு நன்றி எழுதியதும் பலரும் அறிந்தது. இடையில் நின்றவர் குமரப்பா. 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்பும் நியூயார்க்கில் பொருளாதாரமும் படித்துவிட்டு வந்த மனிதர், கடைசிக் காலத்தை மதுரை தாண்டி டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் மறைந்தார். இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர் மட்டுமல்ல. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில் சின்னாளபட்டியை ஒட்டி டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ‘நிலைத்திருக்கும் பொருளாதாரம்’ பற்றிய குமரப்பாவின் ஆங்கில நூல் 1945இல் வந்தது. அவர் நிலைப்பு என்று சொன்னது தேயாத பொருளை அல்ல. எடுத்தால் மறுபடி ஊறுகிற பொருளையும், அதைக் கொண்டு நடக்கிற வாழ்க்கையையும்தான். உரிந்த பேனாவையும் கரைந்த பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் அந்தப் புத்தகம் எனக்கு விரல் வழியாகப் புரிந்தது.

எபோனைட் பற்றிச் சொல்லாமல் போனால் பேனாக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். ரப்பரோடு கந்தகத்தை எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கிடைக்கிற கெட்டிப் பொருள் அது. நெல்சன் குட்இயர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கருங்காலி மாதிரிக் கறுப்பு என்பதால் அந்தப் பெயர். சென்னை பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்டு கம்பெனியின் காமா பேனாக்களும், திருவள்ளூரில் கையால் கடைகிற ரங்கா பேனாக்களும் எபோனைட்டால் புகழ் பெற்றவை. வாங்குகிறவரிடம் கேட்பார்கள்: பாலிஷா, மேட்டா? இரண்டிலும் மேலே எதுவும் பூசுவதில்லை. ஒரே பொருள்தான். தேய்ப்பதை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பஃப் சக்கரம்வரை போனால் கறுப்புக் கண்ணாடி. அதற்கு முன்னாலேயே நிறுத்தினால் மழை நனைத்த பாறையின் மங்கல். வெயில் காலத்தில் விரல் வியர்த்து மூன்று பக்கம் எழுதுகிறவருக்கு மங்கல்தான் பிடி கொடுக்கும் என்பது என் அனுபவம். முழுக்க மெருகால் ஆன பேனா இது. ஆனால் அதற்கும் ஒரு எதிரி உண்டு. மை அடைத்துப் போன என் மாமாவின் பழைய பேனாவை வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கறுப்புப் போய், காய்ந்த புகையிலை நிறத்தில் கிடந்தது. உள்ளே இருக்கிற கந்தகத்தில் தண்ணீரும் வெயிலும் வேலை செய்து வருகிற நிறம் அது. தேய்த்தால் கறுப்பு திரும்பும். தேய்த்தால் மூடியில் வெட்டியிருக்கிற மாமாவின் பெயரும் போகும். பழுப்பாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மெருகே போதும், பூச்சே வேண்டாம் என்று இங்கே முடித்துவிடத் தோன்றுகிறது. பனை விடாது. ஓலை கொடுத்த மரமே எழுதுகோலாகவும் ஆகட்டும் என்ற ஆசையில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் ஒன்றைக் கொடுத்தேன். பனை மற்ற மரம் போல வளையம் வளையமாக வளர்வதில்லை. குதிரைமயிர் மாதிரி கறுத்த கெட்டி நார்கள், நடுவில் சோறு போன்ற மெத்தென்ற பகுதி. உளி பட்டால் நார் நிற்கும், சோறு பெயர்ந்து விழும். எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் மெத்தென்றது தேய்ந்து நார் மட்டும் மேடாக எழும்பும். வெறுங்கையால் அதைப் பிடித்து எழுதியவன் நடுவிரலில் ஏறிய சிலாம்பை எடுக்க மறுநாள் வரை ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணனே அன்றைக்கு ஃபெவிக்விக்கை எடுத்தார். மேலே படலமாக ஏற்றவில்லை. தண்ணியாக, உள்ளே உறிஞ்சுகிற மட்டும் விட்டு, மெத்தென்ற இடமெல்லாம் இறுகிய பிறகு மேலே நின்றதை உப்புத்தாளால் துடைத்தெடுத்துவிட்டார். ஓலையில் மை தடவித் துடைத்த அதே வேலை. நான் வெறுத்து ஒதுக்கின பசைக்கு ஒரு மரம் வேலை வைத்திருந்தது.

ஆகவே பேனாவுக்கு எது நல்ல முடிப்பு என்று யாராவது கேட்டால், கட்டையைக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். அது எங்கே கிடந்தது, என்ன குடித்தது, எந்தக் கைக்குப் போகிறது? திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பள்ளியில் பிள்ளைகளிடம் வீட்டிலிருக்கிற பழைய பூட்டு சாவி கொண்டுவரச் சொன்னோம். அரம் போட்ட தடம் அப்படியே இருக்கிற பூட்டுகள் வந்தன. அந்தத் தடத்தை யாரும் மறைக்க நினைக்கவில்லை. சாவிகள்தான் என்னைக் கட்டிப்போட்டன. பாட்டிமார் இடுப்பில் செருகிச் செருகி, எந்த பாலிஷும் தொடாத இரும்பு, வெள்ளி போல வழவழத்திருந்தது. பல்வெட்டில் மட்டும் துரு. கை படாத இடம்.

மூன்றாவது வாகைப் பேனாவுக்கு அண்ணன் எதையும் பூசவில்லை. 120, 220, 400 என்று உப்புத்தாள் போட்டார். 400க்கு மேல் போகவில்லை. பிறகு குனிந்து, காலடியில் விழுந்துகிடந்த சீவலையே ஒரு கை அள்ளினார். லேத்தை வேகமாக விட்டு, அந்த எண்ணெய்ச் சீவலைக் கட்டையின் மேல் வைத்து இறுக அழுத்தினார். மரம் தன் சீவலாலேயே தேய்பட்டுத் தன் எண்ணெயை வாங்கிக்கொண்டது. புகை வரவில்லை, வாசனை மட்டும் வந்தது. லேத் நின்றதும் பார்த்தேன். கழுவிய நாவல்பழம் மாதிரி ஒரு மங்கிய மினுக்கம். “இதுக்கு மேல நம்ம வேலை இல்ல தம்பி. உங்க கை பாத்துக்கும்” என்று மூடியைத் திருகிக் கொடுத்தார்.

கை பார்த்துக்கொண்டது. முதல் மாதம் அழுக்குப் படிந்தது போலிருந்தது. பெருவிரல் உட்காருகிற இடம் கறுத்தது, மற்ற இடம் வெளிறிக் கிடந்தது. ஆறு மாதத்தில் இரண்டும் நெருங்கி வந்தன. வெயில் காலத்தில் லேசாக வியர்க்கும். காலையில் எடுத்தால் ஈரப்பதமாக இருக்கும். துடைக்காமல் எழுதப் பழகிக்கொண்டேன். நுனியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. அது பெரிதாகுமா என்று மாதம் ஒருமுறை நகத்தால் தடவிப் பார்க்கிறேன்.

பூச்சு போட்ட பேனாக்களை வீட்டில் யார் எடுத்தாலும் எனக்குப் பதற்றம். கை ஈரமா, மஞ்சளா, எண்ணெயா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். போன வாரம் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். பால்காரர் வந்துவிட்டார். காலண்டரில் கணக்கு எழுத, மேசையில் கிடந்த இந்தப் பேனாவை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

“கையெல்லாம் எண்ணெயா இருக்குடா.”

“பரவால்லம்மா, எழுதும்மா.”

சேலைத் தலைப்பில் துடைக்கப் போனவர் நிறுத்திவிட்டு அப்படியே எழுதினார். ஒன்றரை லிட்டர், தேதி, ஒரு சுழி. எழுதி முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பெருவிரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டு ஒருதரம் மோந்து பார்த்தார்.

“எங்க அய்யா கை இப்படித்தான்டா இருக்கும்” என்றார்.